தாளின் வீட்டுப் பக்கம்

இலஞ்சி
16.7.2024

பானுவுக்கு,

பத்து கிலோமீட்டர் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன் என்று சிரிக்காதே. எனக்குக் காது போய் மூன்று வருஷம் ஆகிறது. போனில் யார் பேசினாலும் இரைச்சல்தான் கேட்கிறது. அதனால் வீட்டு வேலைக்கு வரும் இசக்கிமணியை விட்டு நாலு நாளாக உனக்குப் போன் போடச் சொன்னேன். நாலு நாளும் உன் மகள் ஹுஸ்னாதான் எடுத்தாளாம். "உம்மா தொழுதுக்கிட்டு இருக்காவ" என்று நாலு நாளும் ஒரே பதில். காலை எட்டு மணிக்கு என்ன தொழுகை என்று இசக்கிமணி என்னைக் கேட்கிறாள். நான் உன்னைக் கேட்கிறேன்.

ஆறாம் தேதி கண்காட்சித் திறப்புக்கு முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். மூட்டு வலி என்று சொல்லி அனுப்பினாய். சரி, போகட்டும். ஹுஸ்னா பத்தாம் தேதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள், அப்புறம் நான் சாவகாசமாக வருகிறேன் என்றாய். பத்தாம் தேதியும் போய்விட்டது. ஹுஸ்னா வந்தாள், என்னைப் பார்க்காமலேயே போய்விட்டாள்.

நீ வந்திருந்தால் ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பேன். சார் என்னைத் தனியாக விட்டுப் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. எண்பத்தைந்திலிருந்து எண்பத்தேழு வரை அவர் சென்னையில் தோல் மருத்துவம் மேற்படிப்புப் படித்தார், நான் இங்கே ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டேன். அந்த இரண்டு வருஷமும் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு கடிதம் எழுதிக்கொண்டோம். வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் நடுவே தபால்பெட்டிக்கு ஓடியதே நீதான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் எழுதியவை என் பீரோவில் இருந்தன. நான் எழுதியவற்றை அவர் ஒன்றுகூடக் கிழிக்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு. பிரியாதான் சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தைத் தேடிப் பிடித்தாள். "அம்மா, இது நம்ம வீட்டுப் பழைய பேப்பர் இல்ல, ஒரு ஊர் ஆஸ்பத்திரியோட சரித்திரம்" என்று பேசிப் பேசியே என்னைச் சம்மதிக்க வைத்தாள். பெங்களூரில் இருந்துகொண்டு அம்மாவுக்கு உத்தரவு போடுவதில் அவள் கெட்டிக்காரி.

எங்கள் கடிதங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே தாள்தான். முன்பக்கம் வீடு: பிள்ளை, சமையல், சண்டை, மழை. பின்பக்கம் கேஸ்: அந்த வாரம் எனக்குப் பிடிபடாத நோயாளிகள். அவர் பின்பக்கத்தை முதலில் படித்து, பேராசிரியர்களிடம் கேட்டுப் பதில் எழுதுவார். காப்பகத்தார் வந்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, கேஸ் பக்கத்தில் ஒரு பெயர்கூட வெளியே தெரியக் கூடாது என்பது. ஸ்வாதி என்று ஒரு பெண், அங்கே வேலை பார்க்கிறவள், இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயர் மேலும் வெள்ளைப் பட்டை ஒட்டினாள். அதற்கப்புறம்தான் இணையத்தில் ஏற்றவும் தென்காசியில் கண்காட்சி வைக்கவும் விட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வீட்டுப் பக்கம்தான் மேலே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். என்னை நம்பி வந்தவர்களை நான் கடைசி வரை காப்பாற்றியிருக்கிறேன் என்று ஒரு திருப்தி. கொஞ்சம் பெருமையும்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

சாரல் இந்த வருஷம் நன்றாக விழுகிறது. துணி காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, உன்னை நானே தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சங்கரேஸ்வரி


வடகரை
20.7.2024

டாக்டரம்மாவுக்கு,

பானு எழுதுவது. ஹுஸ்னா தொழுகை என்று சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

பத்தாம் தேதி ஹுஸ்னா எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு பிள்ளை சத்தமாக வாசித்திருக்கிறது. "நம் மெஹர் பானுவுக்கு இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய படை. ஊசியால் குத்தினால் தெரியவில்லை. தொழுநோய்தான், எனக்குச் சந்தேகமில்லை." வாசித்துவிட்டு, "டீச்சர், தொழுநோய்னா குஷ்டமா?" என்று கேட்டிருக்கிறது. ஹுஸ்னா ஆமாம் என்று சொல்லி, விளக்கம் கொடுக்க வாயைத் திறந்திருக்கிறாள். அப்புறம்தான் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "சின்ன வயசுல கொதிக்கிற கஞ்சி கொட்டுனதுன்னுல்லா சொன்னீய உம்மா" என்றாள். பெற்ற பிள்ளை முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்பத்தாறாம் வருஷம் ஆகஸ்டில் மருந்து வைக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஏட்டி பானு, இது உனக்கும் எனக்கும் மட்டுந்தான். சாருக்குச் சொல்லாம மெட்ராஸ்ல இருந்து மாத்திரை வராது, அவர்ட்ட மட்டும் சொல்லுவேன். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது." ஆறு மாதம் மாத்திரை தின்றேன், குணமானேன். இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. ஹுஸ்னாவின் வாப்பாவுக்கு இன்றுவரை இது தெரியாது. அவர் சார்ஜாவில் இருந்த இருபத்தெட்டு வருஷமும் தெரியாது, திரும்பி வந்து வீட்டோடு இருக்கும் இந்த எட்டு வருஷமும் தெரியாது.

அந்தப் பெட்டியை வடகரைக்காரர்கள் எத்தனை பேர் பார்த்தார்களோ. பள்ளிவாசலில் யாராவது அவரிடம் போய்க் கேட்பதற்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மெஹர் பானு


இலஞ்சி
23.7.2024

பானு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்து ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குப் போனேன். பெட்டியைத் திறக்க வைத்து அந்தத் தாளை என் கையாலேயே வெளியே எடுத்தேன். அங்கே நின்ற பத்துப் பதினைந்து பேரும் கிழவிக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். ஸ்வாதி இணையத்திலும் உடனே எடுத்துவிட்டாள். அழுதுவிட்டாள் பாவம். அவள் மேல் தப்பில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். உன்னைப் பற்றி நான் கேஸ் பக்கத்தில் எழுதவே இல்லை. வீட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பிரியா வாய் ஓயாமல் பேசுகிறாள், பால்காரன் தண்ணீர் கலக்கிறான், பானுவின் கையில் படை என்று வரிசையாக எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு நீ நோயாளியாகத் தோன்றியதே இல்லை, அதனால் வந்த வினை. ஸ்வாதியைக் கேஸ் பக்கத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன், அவள் அதை மட்டும் பார்த்தாள். சார் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். நான் எழுதியதை நானே படித்து என்ன ஆகப்போகிறது என்று கட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். சோம்பேறித்தனம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

மன்னித்துவிடு. எழுபது வயதில் ஒருத்தரிடம் இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வரவில்லை, எழுத்தில்தான் வருகிறது.

ஆனால் ஒன்று. இதில் தலையைக் குனிய என்ன இருக்கிறது? ஒரு கிருமி வந்தது, ஆறு மாத மருந்தில் போய்விட்டது. ஒரே ஒரு படை, அதுவும் ஒட்டாத வகை. இதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு நீயே எடுத்துச் சொல்லியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் மைதீன் பாய் நல்ல மனுஷர், உலகம் பார்த்தவர். வேண்டுமானால் நானே வந்து டாக்டர் என்ற முறையில் அவரிடம் பேசுகிறேன்.

ஹுஸ்னா போட்டோ ஏதாவது எடுத்தாளா? கண்ணாடிக்குள் அந்த வாரத்துக் கடிதத்தின் முதல் தாள்தான் இருந்தது. அந்த வாரம் மட்டும் ஒரு தாள் போதாமல் எழுதிய இரண்டாம் தாள் இணையத்தில் மட்டும் இருந்தது. அதையும் அவள் படித்தாளா? கேட்டு எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

சங்கரேஸ்வரி


வடகரை
2.8.2024

டாக்டரம்மா,

சும்மாதான் கேட்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது வருஷமாக உங்களைப் பார்க்கிறேன். நீங்கள் எதையும் சும்மா கேட்டதில்லை.

ஹுஸ்னாவிடம் கேட்டேன். இரண்டாம் தாளை அன்றைக்கே போனில் எடுத்து வைத்திருக்கிறாள், என்னிடம் காட்டவில்லை. "வேண்டாம் உம்மா, படிச்சா நீங்க தாங்க மாட்டீய" என்றாள். போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். உங்கள் கையெழுத்து எனக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியும். மருந்துச் சீட்டு படித்துப் படித்துப் பழகியது.

நீங்கள் எழுதியதை நீங்களே திரும்பப் படிக்கவில்லை என்றீர்கள். நான் எழுதித் தருகிறேன், படியுங்கள். "பிரியாவைத் திருவேங்கடத்துக்கு அம்மாவிடம் அனுப்பிவிட்டேன். பானு நாள் முழுக்க அவளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், வாயில் சோறு ஊட்டுகிறாள், பக்கத்தில் போட்டுத் தூங்க வைக்கிறாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பானுவிடம் சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் அவளே அருவிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சளி பிடிக்க வைத்ததால் அப்படியே நம்பிவிட்டாள். நல்லதாகப் போயிற்று."

நான் நம்பினேன். அதை நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பிரியா பிறந்த மாதம் நான் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு வருஷம் அவள் என்னிடம்தான் வளர்ந்தாள். அந்த ஆகஸ்டில் ஒரு நாள் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளை ஐந்தருவிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் விழுவதைப் பார்த்துக் கை தட்டினாள். சாரலில் நனைந்து இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. அடுத்த வாரம் நீங்கள், "ஏட்டி, சாரல் இவளுக்கு ஒத்துக்கிடல. திருவேங்கடம் காஞ்ச ஊரு. அங்கன கொஞ்ச நாள் எங்கம்மாட்ட கிடக்கட்டும்" என்றீர்கள். நான்தான் கவுன்களை மடித்துப் பையில் வைத்தேன். பஸ்ஸில் ஏற்றும்போது என் கழுத்தை விட மாட்டேன் என்று கத்தினாள், நீங்கள் விரல் விரலாகப் பிரித்து எடுத்தீர்கள். அருவிக்குக் கொண்டு போனது நான், பிள்ளை போனது என்னால் என்று நான் அழுதேன். "விடுட்டி, தெரியாமச் செஞ்சுட்ட" என்று நீங்கள் என்னைச் சமாதானம் செய்தீர்கள்.

ஹுஸ்னாவைப் பத்து வயது வரை நான் அருவிக்கு அனுப்பவில்லை. கேட்கிறவர்களெல்லாம் சிரித்தார்கள். ஊர் உலகத்திலிருந்து சனம் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு வருகிறது, வடகரையில் பிறந்த பிள்ளை அருவியைப் பார்க்கவில்லை. அவள் அழுதால் அடிப்பேன். எதற்கு அடிக்கிறேன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது.

அதே வாரத்தில்தான் நீங்கள் என்னிடம், "இது யாருக்கும் ஒட்டாத வகைட்டி. நீ பிள்ளையத் தூக்கு, கொஞ்சு, ஒண்ணும் செய்யாது" என்றீர்கள். சொல்லிவிட்டுப் பிள்ளையை அனுப்பினீர்கள். வியாழக்கிழமைதோறும் படை நோய்க்காரர்கள் வருவார்கள். அவர்கள் வீட்டு ஆட்களைத் தனியாக உட்கார வைத்து, "பிள்ளையளப் பிரிக்காதீய, தட்டப் பிரிக்காதீய" என்று என்னைச் சொல்ல வைத்தீர்கள். என் வாயால் சொல்ல வைத்தீர்கள். நான் எவ்வளவு நம்பிச் சொன்னேன் தெரியுமா? சில பேருக்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

பிரியா ஐந்து வயதில் திரும்பி வந்தாள். வாசலில் ஓடிப் போய்க் கையை நீட்டினேன். உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க யாரும்மா" என்றாள். "பானு சிஸ்டர்" என்றீர்கள் நீங்கள். இன்றுவரை அவளுக்கு நான் பானு சிஸ்டர்தான்.

என் பெயர் வெளியே போனதைப் பொறுத்துக்கொள்வேன். அது மறதி. இது மறதி இல்லை. என்னை ஏமாற்றினீர்கள், டாக்டரம்மா. நான் ஏமாந்ததைப் பார்த்து உங்களுக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கிறது.

மெஹர் பானு


இலஞ்சி
9.8.2024

பானு,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில் அந்தக் காலத்தில் அப்படித்தான் பயந்தார்கள் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் புருஷன் ஊரில் இல்லாமல் தனியாக ஆஸ்பத்திரியையும் பிள்ளையையும் பார்த்த கஷ்டத்தை எழுதியிருந்தேன். மூன்றாவதில் ஒரு தாயின் மனசு என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது.

எனக்குத் தெரியும். உன் கையில் இருந்தது ஒட்டாத வகை என்று தெரியும், மாத்திரை ஆரம்பித்த பிறகு பயமே இல்லை என்றும் தெரியும். மற்றவர்களுக்கு அதைச் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை. என் பிள்ளை என்று வந்தபோது நான் படித்தது எதுவும் எனக்கு உதவவில்லை. நீ அவளுக்கு ஊட்டும்போது உன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே தள்ளி நின்றிருப்பாய், அதுவும் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. நான் டாக்டர், பயந்தவளாக நீ என்னைப் பார்த்துவிடக் கூடாது. அதற்காக உன் தலையில் பழியைப் போட்டேன்.

இன்னும் இருக்கிறது. இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், மூலத்தாள்தான். நான் எழுதியதற்குச் சார் போட்ட பதில். இது காப்பகத்துக்குப் போகவில்லை. தேதி வரிசையில் ஒன்று குறைகிறதே டாக்டர் என்று ஸ்வாதி கேட்டாள். தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. "சங்கரி, நீ படித்ததை நீயே நம்பவில்லை என்றால் நம்மிடம் வருகிறவர்கள் எதை நம்புவார்கள்? நீ செய்தது பானுவுக்குச் செய்த அவமானம். பிள்ளையை இந்த வாரமே கூட்டிக்கொண்டு வா. பானுவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேள்" என்று எழுதியிருக்கிறார். நீயே படித்துக்கொள்.

நான் இரண்டையும் செய்யவில்லை. தீபாவளிக்கு அவர் வந்து கேட்டபோது, பானுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவளேதான் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் என்றேன். நம்பிவிட்டார். அன்றிலிருந்து உன் மேல் அவருக்கு ஒரு தனி மரியாதை. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய சின்னப் பெண் நீ, அவர் அதற்கப்புறம் உன்னை ஒருநாளும் ஒருமையில் கூப்பிடாததற்கு அதுதான் காரணம். சாகும் வரை அதை வைத்திருந்தார். ஒரே பொய்யை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னேன், இரண்டு பேருமே நான் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதங்களை ஒரு வருஷத்துக்குள் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுவதாகக் காப்பகத்தார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டையும் திரும்ப வாங்கிவிடுகிறேன். அவருடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அவைதான், ஆனாலும் வாங்கி நெருப்பு வைக்கச் சொன்னால் வைக்கிறேன். பிரியாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் வருகிறாள். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சங்கரேஸ்வரி


இலஞ்சி
24.8.2024

பானு,

பதினைந்து நாளாகிறது. இசக்கிமணியை வடகரைக்கு அனுப்பினேன். நீ கதவைத் திறக்கவில்லை, மைதீன் பாய் புளியறையில் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். என்னால்தானா?

முப்பத்தொன்றாம் தேதி கண்காட்சி முடிகிறது, அன்றைக்கே பெட்டிகள் சென்னைக்குப் போய்விடும். அதற்குள் நான் ஸ்வாதியிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிரியா முப்பதாம் தேதி காலை வருகிறாள். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சங்கரேஸ்வரி


வடகரை
27.8.2024

டாக்டரம்மா,

ஹுஸ்னாவின் வாப்பாவிடம் நானே சொன்னேன். யாரோ சொல்லி அவர் கேட்பதைவிட அது மேல் என்று தோன்றியது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கையை நீட்டிக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். "நோய்க்கென்ன, வந்துச்சு, போயிட்டு" என்றார். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டே, "டாக்டரம்மாவுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல ஏத்துன பிள்ளைக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷமா எனக்கு மட்டும் தெரியாது. அப்ப நான் இந்த வீட்டுல யாரு?" என்றார். புளியறைக்குப் போய்விட்டார். அங்கே செக்போஸ்ட் பக்கத்தில் அவர் தம்பி ஹோட்டல் வைத்திருக்கிறார்.

நேற்று வந்துவிட்டார். மீன் வாங்கிக்கொண்டு வந்து அடுக்களையில் வைத்துவிட்டு, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பேசுவார் என்று நினைக்கிறேன். நாளாகும்.

அவர் போன மறுநாள் முழுக்க நான் யோசித்தேன். நான் அவரிடம் செய்ததும் நீங்கள் என்னிடம் செய்ததும் ஒன்றுதானே, எந்த முகத்தோடு உங்களைக் கேட்கிறேன் என்று யோசித்தேன். ஒன்றில்லை, டாக்டரம்மா. நான் பயந்து மறைத்தேன். மறைத்த ஒவ்வொரு நாளும் பயந்தேன். நீங்கள் பயந்து மறைத்தீர்கள், மறைத்த பிறகு நல்லதாகப் போயிற்று என்று எழுதி, உறையில் போட்டு, அதைத் தபால்பெட்டியில் போடவும் என்னையே அனுப்பினீர்கள். அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் இலஞ்சித் தபால் ஆபீசுக்கு ஓடியிருப்பேன். அன்றைக்கும் பிரியாவை நினைத்து அழுதுகொண்டேதான் ஓடியிருப்பேன்.

சாருடைய கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் செய்யாத ஒன்றுக்காக என்னை மதித்து, 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் நேரில் கேட்டிருக்கலாம். பெண்டாட்டி சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார். அவர் மேலும் எனக்கு வருத்தம்தான். கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

கடிதங்களைத் திரும்ப வாங்க வேண்டாம். அதில் எத்தனையோ பேர் பிழைத்த கதை இருக்கிறது, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். நீங்கள் எடுத்த தாளையும் இரண்டாம் தாளையும் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். அதற்கடுத்து, தபாலில் தொலைந்ததாகச் சொன்னீர்களே, அதை வையுங்கள். நான் எழுதிய மூன்றையும் நீங்கள் எழுதிய நான்கையும் சேர்த்து வையுங்கள். உங்களுடையதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஸ்வாதியிடம் சொல்லி, என் பெயர் மேல் பட்டை ஒட்ட வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டை ஒட்டினால் பிள்ளையை யாரோ ஒரு நோய்க்காரியிடமிருந்து எடுத்ததாக ஆகிவிடும். யாரோ ஒருத்தி இல்லை, நான். ஹுஸ்னாவிடம் கேட்டேன், சரி என்றாள். அவள் வாப்பாவிடமும் இன்று காலையில் போய்க் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். எனக்குத் தெரிஞ்சாச்சுல்லா" என்றார். வந்ததிலிருந்து அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

பிரியாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் கண்ணாடிக்குள் படிப்பதற்கு முன்னால். அவளை என்னிடம் அனுப்பி வைக்க வேண்டாம். தானாக வந்தால் வரட்டும்.

நீங்கள் என்னை வரச் சொல்வீர்கள். நான் வர மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள், கோபம் பாதி இறங்கிவிட்டது. வந்தால் காது கேட்காவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து விசாரிப்பீர்கள், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் நீங்களே எனக்கு டீ போட்டுக் கொண்டு வருவீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை ஆயிரம் தடவை டீ குடித்திருப்பேனோ, எந்த டம்ளரில் கொடுத்தீர்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இனி பார்ப்பேன்.

மெஹர் பானு